நடுவுல குந்து

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பத் தொடங்கியது முதல் ஓர் அறிவுரை ஊரெல்லாம் சுற்றி வருகிறது. "போறதே ஒரு தடவை. பால்கனி ரூமா எடுங்க. எவ்வளவு மேல கிடைக்குதோ அவ்வளவு நல்லது. உள்ரூம் எடுத்தா ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கும்." டிராவல்ஸ் அலுவலகத்தில் இதைத்தான் சொல்கிறார்கள். ஒருமுறை போய்வந்த மச்சானும் இதையே சொல்கிறார். யூடியூபில் படம் போடுகிறவர்கள் பால்கனியில் காபிக் கோப்பையோடு நின்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். கேட்கிற குடும்பத் தலைவர், வங்கியில் போட்டு வைத்திருந்ததை எடுத்தாவது மேல்தளத்தில் ஓர் அறையைப் பிடித்துவிடுகிறார்.

இந்த அறிவுரை தவறு. இளம் தம்பதி இருவர் மட்டும் போகிற பயணத்துக்கு வேண்டுமானால் பாதிப் பொருத்தம் இருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் எழுபது வயது தாண்டிய அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிற தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடக் கெட்ட யோசனை இருக்க முடியாது. கப்பலில் உயரமான அறை என்பது அதிகம் ஆடுகிற அறை. அதற்குத்தான் அதிகப் பணம் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

இதைத் தெரிந்துகொள்ளக் கப்பல் கட்டும் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை, பழவேற்காடு வரை போனால் போதும். பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்காள விரிகுடா, இடையில் மணல்திட்டின்மேல் மீனவர் வீடுகள். சென்னைக்கு வடக்கே கப்பல்களுக்குக் கரையைக் காட்டும் கலங்கரை விளக்கம் அங்கே நிற்பதால் ஊருக்கு அந்தப் பெயர். ஏரியில் படகு போவது தெரியாது, தண்ணீர் அவ்வளவு அமைதி. முகத்துவாரத்துக்கு வந்தால் கதை வேறு. மணல் மேடிட்டுப் போன அந்த வாயில் அலை மடிந்து விழும் இடத்தில், ஃபைபர் படகு தன் மூக்கான அணியத்தைத் தூக்கி நிமிர்ந்து, பிறகு தண்ணீரை அறைந்துகொண்டு இறங்கும். முதல் தடவை ஏறுகிறவர் எவரும் ஆசையோடு அணியத்துக்குத்தான் போவார். காற்று நேராக முகத்தில் அடிக்கும், எதுவும் மறைக்காது. பின்னால் இஞ்சின் பிடித்திருப்பவர் விடமாட்டார். "அங்க குந்தாத, தூக்கி அடிக்கும். நடுவுல வந்து குந்து" என்று குரல் கொடுப்பார். அணியத்தில் இருப்பவர் இரண்டு முழம் எழும்பி இடுப்பு நோக விழுகிற அதே அலையில், நடுப்பலகையில் இருப்பவர் கையிலுள்ள பாட்டில் தண்ணீர் கொஞ்சம் தளும்புகிறது, அவ்வளவுதான். வயதானவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்தக் கரையில் எங்கே உட்கார வைப்பார்கள் என்பதில் இரண்டு கருத்துக் கிடையாது.

முப்பது அடிப் படகுக்கு இது சரி, பதினோரு தளம் உள்ள கப்பலுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். அளவுதான் மாறுகிறது, விதி மாறவில்லை. சென்னையிலிருந்து ஓடிய 'எம்பிரஸ்' கப்பலையே எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 211 மீட்டர். அலையில் அதன் மூக்கு ஒரே ஒரு பாகை மேலே போகிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, முன்கோடியில் இருக்கும் அறை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் உயர்கிறது. ஒரு ஆள் உயரம். அடுத்த சில விநாடிகளில் அதே அளவு கீழே போகிறது. நடுவிலிருந்து இருபது மீட்டர் தூரத்தில் இருக்கும் அறை அதே நேரத்தில் முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான் அசைகிறது. பக்கவாட்டு ஆட்டத்துக்கும் இதே கணக்கு. கப்பல் மூன்று பாகை சாய்ந்தால், சுழலும் அச்சிலிருந்து இருபது மீட்டர் உயரத்தில் படுத்திருப்பவர் ஒரு மீட்டர் பக்கவாட்டில் போய்வருகிறார். ஐந்து மீட்டர் உயரத்தில் படுத்திருப்பவருக்கு அது ஒரு சாண் சொச்சம். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையைக் கடந்தவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்க வேண்டாம்.

"இப்போதெல்லாம் கப்பலில் ஆட்டத்தைத் தடுக்கும் கருவி இருக்கிறது, ஒன்றும் தெரியாது" என்பது விற்கிறவர்களின் அடுத்த பதில். கருவி இருப்பது உண்மை. கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் நீட்டிக்கொள்ளும் துடுப்புகள் அவை. அவை அடக்குவது பக்கவாட்டுச் சாய்வை. மூக்கும் வாலும் மாறி மாறி ஏறி இறங்குவதை அவை நிறுத்துவதில்லை. வயிற்றைப் புரட்டுவதோ பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். ஐந்தாறு விநாடிக்கொரு முறை மெதுவாக உயர்ந்து தாழும் அசைவைத் தாங்குவதுதான் மனித உடம்புக்கு மிகக் கடினம் என்பது பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். முன்பக்கத்து மேல்தளத்துச் சொகுசு அறையை வாங்கிய குடும்பம், காசு கொடுத்து அந்த அசைவைத்தான் வாங்கியிருக்கிறது.

யாருக்கு இது அதிகம் வலிக்கும்? இரண்டு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைக்குக் கடல்மயக்கம் அநேகமாக வருவதில்லை. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, யாருடைய சந்தோஷத்துக்காக இந்தப் பயணமோ அந்தப் பிள்ளை வாளியைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் தலை நிற்காது. அப்பா பால்கனியில் நின்று படம் எடுக்கலாம். நம் வீடுகளில் பஸ் பயணத்துக்கு அவோமின் மாத்திரை கொடுக்கும் பழக்கம் உண்டு. அந்த மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, மற்றப் பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். நல்ல இடத்தில் ஓர் அறையைப் பிடித்தால் மாத்திரைக்கு வேலையே குறையும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைச்சுற்றல் குறையும், அதற்குப் பால்கனி உதவும் என்பது அது. தொடுவானம் உதவுவது மெய். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும்போதுதான் மயக்கம் வருகிறது. ஆனால் தொடுவானம் பகலில்தான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் பால்கனிக்கு வெளியே கும்மிருட்டு. அந்த எட்டு மணி நேரமும் அறை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. பகலில் தொடுவானம் வேண்டுமென்றால் திறந்த தளத்துக்குப் போங்கள். அது எல்லாப் பயணிகளுக்கும் பொது, தனிக் கட்டணம் கிடையாது.

சரி, உயரத்துக்கு எப்படி இந்த விலை வந்தது? குளிர்சாதனம் வராத காலத்து வழக்கம் அது. நீராவிக் கப்பலின் கீழ்த்தளத்தில் கொதிகலன் வெக்கை, இரைச்சல். அலை அடித்தால் ஜன்னலைத் திறக்க முடியாது. மேலே போனால்தான் மூச்சுவிடக் காற்று. ஆகவே பணக்காரர் மேலே, ஏழை கீழே. அந்தக் காலத்திலும்கூட விவரம் தெரிந்தவர்கள் உயரத்தோடு நடுப்பகுதியையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கில் முதல் வகுப்பு அறைகள் கப்பலின் நடுவில் இருந்தன. மூன்றாம் வகுப்புக்காரர்களைத்தான் மூக்கிலும் வாலிலும் அடைத்தார்கள். இன்று வெக்கையும் இல்லை, கொதிகலன் இரைச்சலும் இல்லை. பழைய விலைப்பட்டியல் மட்டும் அப்படியே நிற்கிறது. போதாததற்கு, முன்கோடி அறைகளையும் "கடலை நேராகப் பார்க்கலாம்" என்று சிறப்பு அறைகளாக விற்கிறார்கள்.

தமிழருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் மதிக்கிறேன். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை இல்லாதவர். கிடைத்த இடத்தில் பாய் விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, அத்தனை நாளும் கடலைக் கடந்தவர். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கப்பல் நினைவு அதுதான். அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல்களில் பங்க் வகுப்பில் போய்வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அது பழங்கதை இல்லை. தாத்தா பாயில் போனார், நான் பால்கனியில் போகிறேன் என்று ஒரு பேரன் நினைத்தால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்த ஆசையைக் காசாக்குகிற விலைப்பட்டியல்மேல்தான் என் கோபம்.

இப்போது பால்கனியையே பார்ப்போம். எம்பிரஸ் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. பஹாமாஸ் பக்கம் மூன்று நாள், நான்கு நாள் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைத்த கப்பல். எனவே அறைகள் சிறியவை, பால்கனி உள்ளவை மிகக் குறைவு, அவையும் மேலே. 2023 ஜூனில் இந்தக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போகத் தொடங்கியது. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கப்பலின் இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் கரை. இடப்பக்கத்துப் பால்கனிக்குச் சூரிய உதயம் கிடைக்கும், கரை கிடைக்காது. திரும்பும்போது நேர் எதிர். பாதிக் கடலுக்கு முழுப்பணம். திறந்த தளத்தில் நிற்கிறவருக்கு இரு பக்கமும் கிடைக்கிறது. தவிர, ஜூன் மாத வங்கக் கடல் ஐரோப்பியக் கடல் போன்றதன்று. காலை ஒன்பது மணிக்குப் பால்கனிக் கதவைத் திறந்தால் உப்புப் பிசுக்கோடு புழுக்கம் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கதவைச் சாத்திவிட்டு ஏசியைப் போடுவார்கள். பால்கனி வெறுமனே கிடக்கும்.

குழந்தை இருந்தால் அது வெறுமனேகூடக் கிடக்காது, காவல் காக்க வேண்டிய இடமாகிவிடும். கப்பல் கம்பிவேலிகள் குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2010-ல் சட்டமே போட்டது. நின்றுகொண்டிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த உயரம் போதும். பால்கனியில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறிய பிள்ளைக்குப் போதாது. ஊரில் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் பாட்டி, கப்பலில் மூன்று ராத்திரியும் பால்கனித் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடக்க வேண்டுமா?

அடுத்தது, "குடும்பம் என்றால் ஒரே அறை" என்கிற பிடிவாதம். நான்கு பேருக்கான அறை என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் கீழே இரண்டு படுக்கை. மற்ற இரண்டும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்குகிற பரண் படுக்கைகள், ஏணி வைத்து ஏற வேண்டும். ரயிலில் அப்பர் பெர்த்தே வேண்டாம் என்று டிடிஆரிடம் கெஞ்சுகிற பெரியவர், ஆடுகிற ஏணியில் எப்படி ஏறுவார்? கீழே பாய் விரித்துக்கொள்ளலாம் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. ஏணியை வைத்தபின் தரையில் கால் வைக்கவே இடம் இருக்காது. கழிவறை வாசலில் தண்ணீர் வராமல் தடுக்க ஒரு மேட்டு நிலைப்படி இருக்கும். இருட்டில் அதில் இடறி விழுவது பெரியவர்கள்தான். மேல்தளத்தில் பால்கனியோடு ஓர் அறைக்குக் கொடுக்கிற பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்த்தளத்தில் அடுத்தடுத்த இரண்டு சாதாரண அறைகளுக்கு என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு ஒரே அறையில் கட்டணம் குறைவாக இருப்பதால் சில சமயம் இரண்டு அறை கூடுதலாகவும் வரலாம். அப்போதும் நான் இரண்டு அறைக்கே ஓட்டுப் போடுவேன். அம்மாவோடு ஒரு பிள்ளை, அப்பாவோடு ஒரு பிள்ளை, எல்லோருக்கும் கீழ்ப்படுக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு கழிவறை. நான்கு நாள் ஒரு குடும்பம் சண்டையில்லாமல் இருக்க இரண்டாவது கழிவறை செய்கிற உதவியைப் பால்கனி செய்யாது.

இனி, இந்த விவாதத்தில் மிகக் கனமான பயம். "கீழே இருந்தால் ஆபத்து, தண்ணீர் முதலில் அங்கேதான் வரும்." கடலைப் பற்றிய பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். அதுவும் பழவேற்காட்டை வைத்து எழுதும்போது பேசவே முடியாது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ஞாயிறு. பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். உயிர்காப்புச் சட்டை இல்லை. சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து, 2012 ஜனவரி 13 அன்று, இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிதவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை தரப்படவில்லை. நாலாயிரம் பேர் ஏறிய சொகுசுக் கப்பலும், ஒரு குடும்பம் ஏறிய நாட்டுப்படகும் ஒரே விஷயத்தில் தவறின. தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, எங்கே போவது என்பதை அன்று ஏறினவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கான்கார்டியாவுக்குப் பின் சர்வதேச விதி திருத்தப்பட்டது. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். உயிர்காப்புப் படகுகள் தொங்குவது பொதுவாகக் கப்பலின் இடைத்தளத்தில். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்பக் கூடாது. பத்தாவது தளத்தில் முன்கோடியில் அறை எடுத்த குடும்பம், மூட்டுவலிப் பாட்டியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நடைவழியைத் தாண்டி, நெரிசலான படிக்கட்டில் ஐந்தாறு மாடி இறங்க வேண்டும். கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கிறவர் இரண்டு மூன்று மாடி ஏற வேண்டியிருக்கும், அதுவும் படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்து. இக்காலப் பயணிகள் கப்பல்களில் பயணி அறைகள் நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கின்றன. டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் அதிகம் மாண்டது உண்மை. அதற்குக் காரணம் எல்லோருக்கும் போதுமான படகு இல்லாததும், மேலே வர வழி தெரியாமல் போனதும். பாதுகாப்பை அளக்க வேண்டுமானால், அறையிலிருந்து அவசரத்தில் எல்லோரும் திரள வேண்டிய கூடுமிடம் வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். தளத்தின் எண்ணைப் பார்த்து அளப்பதில் பயனில்லை.

ஜன்னலே இல்லாத உள்ளறை எல்லோருக்கும் ஏற்றது என்று நான் வாதாட வரவில்லை. மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் விழித்தால் எங்கே இருக்கிறோம் என்று தடுமாறும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திறக்காத கண்ணாடி ஜன்னல் வைத்த அறை போதும். கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் அந்த வகை கிடைக்கும். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்தபடியே நுரையைப் பார்க்கலாம், தாழ்ப்பாளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கி மறைக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் இடித்தால் அதே இடத்தில் உள்ளறையை எடுத்துக்கொண்டு, ராத்திரி கழிவறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தால் ஆயிற்று.

நடுப்பகுதி என்று கிடைத்ததையெல்லாம் ஒப்புக்கொண்டுவிடவும் கூடாது. அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்க வேண்டும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் மண்டையில் இறங்கும். ஆட்டபாட்ட அரங்குக்கு மேலே என்றால் நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். முன்கோடியில் நங்கூரச் சங்கிலி, பின்கோடியில் சுழலியின் அதிர்வு. லிஃப்டுக்கு ஐந்தாறு கதவு தள்ளி இருந்தால் பாட்டி நடந்துவிடுவார், சத்தமும் வராது. "வகை மட்டும் இப்போது உறுதி, அறை எண் பிறகு தருகிறோம்" என்று சலுகை விலையில் ஒன்று விற்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். யாருக்கும் வேண்டாத மூக்கும் வாலும்தான் கடைசியில் மிஞ்சும், இரண்டு அறை கேட்டவர்களுக்கு அவை வேறு வேறு தளத்தில் வந்து சேரும்.

பதிவு செய்யப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டுமுன் கப்பலின் தள வரைபடத்தை மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். நீளத்தில் நடு, உயரத்தில் கீழ், மேலும் கீழும் அறைகள், அருகில் படிக்கட்டு என்று நீங்களே விரல் வைத்துக் காட்டி, அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிள்ளைகளின் வயதைச் சொல்லி, அவர்கள் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை உண்டா என்று கேளுங்கள். கப்பலில் ஏறியதும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடாமல், அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு அறையிலிருந்து கூடுமிடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். இதற்கு ஒரு பத்து நிமிடம் ஆகும்.